எங்கள் வீட்டுக் கண்ணாடி மேளங்கள்

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் எழுத வராது. ட்ரம்மில் இருந்து தோலையும் வளையத்தையும் போல்ட்டுகளையும் கழற்றினால் வெறும் உருளை ஒன்று மிஞ்சும், அதற்கு ஆங்கிலத்தில் ஷெல் என்று பேர். உலகத்தில் எந்த ட்ரம்காரனும் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவான். நான் இருப்பது கிளிநொச்சிப் பக்கம், இங்கே ஷெல் என்றால் போர்க்காலத்தில் வந்து விழுந்த குண்டு. சில வருடங்களுக்கு முந்தி ரொறன்ரோவில் இருந்து கடலால் வந்த பெட்டியைப் பிரித்து உள்ளே பார்த்த வேகத்தில், அனுப்பிய மச்சானுக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்து "டேய், ஷெல் வெடிச்சிட்டுதடா!" என்று கத்திவிட்டேன். குசினிக்குள் நின்ற அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். "எங்க? எந்தப் பக்கம்?" பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் கையில் இருந்த சிவப்பு உருளையைத் தூக்கிக் காட்டி, இதுதான் என்றேன். அம்மா ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கூடு என்று பேர். இங்கேயும் கூடுதான்.

நான் சேர்ப்பது 1970களில் வந்த, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ட்ரம்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, கண்ணாடி போன்ற, நிறம் நிறமான ட்ரம்கள். அதிலும் ஒரே கூட்டில் இரண்டு மூன்று நிறம் சேர்ந்தவைதான் எனக்குப் பைத்தியம். முழு செட் ஒன்றும் என்னிடம் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. இருப்பது ஏழு தனி ட்ரம்கள், ஒன்றுக்கொன்று சொந்தம் இல்லாதவை. செட்டில் ஒன்று உடைந்து, மற்றது தொலைந்து, மிஞ்சியதை யாரோ கராஜில் போட்டு வைத்திருப்பார்கள். முழுசாக இருக்கிற செட்டுக்குத்தான் எல்லோரும் அடிபடுவார்கள், இந்தத் தனிக்கட்டைகளை யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. அதனால்தான் என்னைப்போன்ற ஆளுக்கும் கிடைக்கிறது. என்ன விலை என்று எழுதமாட்டேன், தங்கச்சி இதை வாசிக்கிறாள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ரொபி பேப்பரில் இருந்து என்றுதான் சொல்லவேண்டும். சின்ன வயதில் அந்தக் கண்ணாடிப் பேப்பரை நக்கித் துடைத்துக் கண்ணில் வைத்துப் பார்ப்போமே, குளக்கட்டு எல்லாம் சிவப்பாக, மாடு மஞ்சளாக. அந்த நேரம் வன்னிக்குள் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசெற் பாடும். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைத்து இழுக்கும். நான்தான் அனேகமாகச் சுற்றுகிற ஆள், அதனால் தாளத்தைக் காதால் பழகுமுன் காலாலும் கையாலும் பழகிவிட்டேன். ட்ரம் செட் என்று ஒன்றை நேரில் பார்த்தது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. கண்ணாடி ட்ரம்மைப் பார்த்தது அதற்கும் பிறகு, மச்சான் அனுப்பிய ஒரு மங்கல் படத்தில். "பழைய சாமான் விக்கிறாங்கள், இது என்னெண்டு தெரியுமா?" என்று கேட்டிருந்தான். எனக்கும் தெரியாது. ஆனால் அன்றிரவு நித்திரை இல்லை.

பிறகு தேடித்தேடிப் படித்ததில் கொஞ்சம் சொல்கிறேன். இதை முதன்முதல் செய்தது பெரிய கொம்பனி ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் பில் சிக்கோஸ் என்ற மனிதர் 1950களின் கடைசியில் அக்ரிலிக்கில் ட்ரம் செய்து பார்த்தார், பிறகு சிக்கோஸ் என்ற பேரிலேயே விற்பனைக்கும் வந்தது. நியூயோர்க் பக்கம் ஃபைப்ஸ் என்று இன்னொரு கொம்பனி, முதலில் ஃபைபர் கிளாஸ் கூடுகள் செய்தவர்கள், பிறகு பளிங்குபோல் தெளிவான அக்ரிலிக் செட்டும் செய்தார்கள். 1970இல் அந்தக் கொம்பனியை வாங்கியது மார்ட்டின் என்ற கிற்றார் செய்கிற குடும்பம். மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழுவில் பில்லி கொப்ஹாம் அடித்தது ஃபைப்ஸ்தான். அந்தக் குழுவின் பேரை நான் அப்பாவுக்குச் சொன்னபோது, "எந்த ஊர் பஜனைக் கோஷ்டி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிற்றார் வாசித்த ஜோன் மக்லாஃப்லினுக்கு மகாவிஷ்ணு என்று பேர் வைத்தது அவருடைய குரு ஸ்ரீ சின்மோய், அதனால் அப்பாவும் முழுக்கப் பிழை இல்லை.

ஆனால் இந்தச் சாமானை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது சிக்காகோவில் இருந்த லட்விக். 1909இல் தொடங்கிய கொம்பனி, 70களின் தொடக்கத்தில் விஸ்டாலைட் என்று பேர் வைத்து அக்ரிலிக் ட்ரம்களை இறக்கினார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், தேன் நிறம், புகை நிறம், நிறமே இல்லாதது என்று வந்தது. 1973 ஜூலையில் லெட் செப்பலின் என்ற ரொக் குழுவின் ட்ரம்காரர் ஜோன் பொன்ஹாம் நியூயோர்க் மடிசன் ஸ்குயர் கார்டனில் அடித்தது தேன் நிற விஸ்டாலைட், காலால் அடிக்கிற 26 அங்குல பேஸ் ட்ரம்மோடு. இன்றைக்கும் விஸ்டாலைட் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்தத் தேன் நிறம்தான். எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை, சொன்னால் அடிக்க வருவார்கள். ஒரு நிறம் ஒரு நிறம்தான். லட்விக் அதோடு நிற்காமல், நிறங்களை வெட்டி ஒட்டி, பட்டை பட்டையாக, சுருள் சுருளாக ரெயின்போ என்று செய்தார்களே, அதுதான் என்னுடைய இடம். எந்த நிறத்தோடு எது வேண்டும் என்று வாங்குகிறவர் சொல்லலாம். கொஞ்சம் பிந்தி டிவோலி என்று ஒன்று வந்தது, கூட்டுக்குள்ளேயே சின்னச் சின்ன பல்பு மாலை ஓடும். கோயில் திருவிழாப் பந்தல்காரர்கள் யாராவது அமெரிக்கா போயிருப்பார்களோ என்று நினைக்கும்படி இருக்கும்.

சரி, இனி பொருத்துக்கு வருவோம். ஏனென்றால் பல நிற ட்ரம்மை வாங்குவது என்பது பொருத்தை வாங்குவது. நிறம் எல்லாம் பிறகு.

இந்தக் கூடு வார்த்து எடுத்தது இல்லை. கால் அங்குலம் அளவு தடிப்பான தட்டையான அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். ஆகவே ஒரு நிறக் கூட்டில் மேலிருந்து கீழ் ஒரு பொருத்து. டொம் என்பது செட்டில் நடுத்தர அளவு ட்ரம், 14 அங்குல அகலம், 10 அங்குல உயரம் உள்ள டொம் என்றால் அந்தப் பொருத்து 25 சென்றிமீற்றர். இப்போது அதே டொம்மை மூன்று பட்டையாக நினைத்துப் பாருங்கள். சுற்றளவு 1.1 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே, அதுபோல் சுற்றிவர இரண்டு பொருத்து, அதோடு மேலிருந்து கீழ் வருவது. கூட்டினால் கிட்டத்தட்ட இரண்டரை மீற்றர். பத்து மடங்கு! அத்தனை நீளத்தையும் யாரோ ஒரு தொழிலாளி ஐம்பது வருடத்துக்கு முன் கையால் ஒட்டியிருக்கிறார், அதற்குப் பிறகு அதன்மேல் எத்தனையோ பேர் தடியால் அடித்திருக்கிறார்கள். சுருள் போட்டதற்குப் பொருத்து சரிவாக ஓடும், அதில் இன்னும் வில்லங்கம். பட்டைக்காரன் வெடித்தால் வளையமாக வெடிப்பான், பார்த்தவுடன் தெரியும். சுருள் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்றே பிடிபடாது.

அதனால் மச்சானுக்கு நான் சொல்லி வைத்திருப்பது ஒன்றுதான். லட்விக் பட்டயத்தைப் படம் எடுத்து அனுப்பாதே, அது இரண்டு நிமிடத்தில் ஒன்றில் இருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டக்கூடிய தகடு, அதில் இருக்கிற இலக்கத்தை வைத்து வருடத்தைப் பிடிப்பதும் நம்பிக்கையான வேலை இல்லை. தோலைக் கழற்றச் சொல்லு. விற்கிறவர் கழற்றமாட்டேன் என்றால் வந்துவிடு. கழற்றினால், உள்ளே டோர்ச்சை வைத்துப் பொருத்தை விரலால் தடவு. நகம் தட்டுப்படுகிறதா, வெள்ளையாக மேகம்போல் இருக்கிறதா, போல்ட் ஓட்டைகளில் இருந்து மயிர்க்கோடு ஏதாவது புறப்படுகிறதா. மயிர்க்கோடு பொருத்தை நோக்கிப் போனால் வேண்டாம். மற்றப் பக்கம் போனால் விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கு. அவனும் இப்போது என்னைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டான். பனிக்காலத்தில் கராஜ்களில் டோர்ச்சோடு குனிந்து நிற்கிறவனை ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்களாம். 2000களில் லட்விக் மறுபடி விஸ்டாலைட் செய்யத் தொடங்கியது, அது இன்னும் நன்றாக ஒட்டியிருக்கும், அதை வாங்கலாமே என்பான். வாங்கலாம்தான். ஆனால் வாங்கவில்லை.

சுருளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இது எந்தப் படத்திலும் சரியாக விழாது. என்னிடம் இருக்கிற சுருள் 13 அங்குல டொம், நீலமும் மஞ்சளும். முன்பக்கம் பட்டை வலப்பக்கம் சரிந்து ஏறும். கண்ணாடி என்றபடியால் பின்பக்கப் பட்டையும் தெரியும், அது இடப்பக்கம் சரியும். இரண்டும் குறுக்கே வெட்டும்போது பாய் பின்னல்போல் கட்டம் கட்டமாக விழும், மஞ்சளும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற கட்டங்கள் மட்டும் பச்சை. அந்தப் பச்சை அக்ரிலிக்கில் எங்குமே இல்லை! தலையை அசைத்தால் அதுவும் அசையும். பின்னேர வெயில் மேற்கு ஜன்னலால் வந்து அதில் விழுகிற பதினைந்து நிமிடத்துக்கு நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

வெயில் என்றதும் அடுத்த பிரச்சினை. அக்ரிலிக் சூட்டுக்குப் பெருக்கும், நாங்கள் நினைப்பதைவிடக் கூட. 22 அங்குல பேஸ் ட்ரம் ஒன்று 20 பாகை சூடேறினால் விட்டம் முக்கால் மில்லிமீற்றருக்கு மேல் கூடிவிடும். தோலைச் சுற்றியிருக்கிற அலுமினிய விளிம்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான் பெருக்கும். பழைய கூடுகளில் தோல் ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருக்கும், மத்தியானத்தில் கழற்றப் போனால் வராது, இழுத்தால் பொருத்தில் பிடிக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு சித்திரை மாதம் மஞ்சள் டொம்மோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டேன். இப்போது தோல் மாற்றுகிற வேலை எல்லாம் விடிய ஐந்து மணிக்கு. எங்கள் வீடு திட்ட வீடு, ஓடு போட்டது, நடு அறைக்கு மட்டும் அஸ்பெஸ்டஸ் சீற்றால் சீலிங் அடித்தோம், ட்ரம்கள் அங்கேதான். பேஸ் ட்ரம் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே.

சோளகக் காற்று தொடங்கினால் புழுதி. அக்ரிலிக் தேய்க்கத் தேய்க்கத் தூசியை இழுக்கும், காய்ந்த துணியால் துடைத்தால் அந்தப் புழுதியே அரம்போல் கீறிவிடும். சவர்க்காரத் தண்ணியில் நனைத்த பழைய சாரத் துணிதான் சரி, துவைத்துத் துவைத்து மெலிந்த சாரம். கண்ணாடி துடைக்கிற நீலத் திரவம் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், தின்னரை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், பெட்டி கட்டியவர்கள் கூட்டின்மேலேயே ஒட்டிவிட்ட டேப்பின் பசையை எடுக்க நான் தின்னர் போட்டேன். பசை போனது. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் அந்த இடம் முழுக்கச் சிலந்திவலை, வெளிச்சத்துக்குப் பிடித்தால் மினுங்குகிறது. துடைத்துப் போகாது, உள்ளுக்குள் வெடித்தது. ஐம்பது வருடம் பிழைத்து வந்ததை நான் அரைக் கரண்டித் தின்னரில் முடித்தேன்.

வெடிப்பு ஓடத் தொடங்கினால் நிறுத்துகிற முறை ஒன்று இருக்கிறது. வெடிப்பின் நுனி எங்கே என்று பிடித்து, அந்த நுனியில் இரண்டு மூன்று மில்லிமீற்றரில் ஒரு ஓட்டை போட்டால் அங்கே நின்றுவிடும். கூரான நுனியில் இழுவை முழுக்கக் குவிவதால்தான் வெடிப்பு ஓடுகிறது, வட்ட ஓட்டையில் அது பரவிப் போய்விடும். சொல்ல லேசு. சாதாரண ட்ரில் பிட் அக்ரிலிக்கைக் கொத்திப் பிடித்து இன்னொரு வெடிப்பைப் போட்டுவிடும், பிட்டின் வாயைக் கல்லில் உரசிக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டு, மெதுவாக, பின்னால் பலகை கொடுத்து ஓட்டவேண்டும். இதைச் சொல்லித்தந்தது பரந்தனில் பெயர்ப்பலகை செய்கிற சிநேகிதன். கடைகளுக்கு அக்ரிலிக் எழுத்து வெட்டுகிறவன், இந்தச் சாமானோடு நாள் முழுக்க இருக்கிறவன். ஒட்டுவதும் அவன்தான். குளோரோஃபோமை ஊசிக்குழாயில் எடுத்துப் பொருத்தின் விளிம்பில் ஒரு சொட்டு விட்டால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அது பசை இல்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், ஆவி பறந்தபின் ஒரே துண்டு. வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகைக் கொடுத்துத்தான் செய்வோம், அந்த ஆவி உடம்புக்குக் கூடாது. மாரி காலத்தில் செய்யவே மாட்டான். காற்றில் ஈரம் இருந்தால் பொருத்து பால் கலந்ததுபோல் வெளுத்துப் போகும்.

சத்தம் எப்படி என்று யாராவது கேட்டால் நல்லது, அனேகமாகக் கேட்பதில்லை, வடிவாய்க் கிடக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மரக்கூட்டின் இளஞ்சூடு இதில் இல்லை. அடி விழுந்தது விழுந்தபடி பளீரென்று வரும், சத்தமும் கூட. மைக் இல்லாத சேர்ச்சில் நத்தார் பாட்டுக்கு இரண்டு டொம்மைக் கொண்டுபோனேன், பாடகர் குழுவில் இருந்த அன்ரி ஒருவர் அடுத்த முறை ஒன்று போதும் என்றார். ஒருமுறை பறைமேளம் அடிக்கிற பெரியவர் ஒருவர் வேறு அலுவலாக வீட்டுக்கு வந்தவர், அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து குந்தி இருந்து, நீல டொம்மை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, திருப்பி, உள்ளே பார்த்து, கடைசியில் கேட்டார்: "தம்பி, இதை எதில காய்ச்சுறது?" பறையை நெருப்பில் காட்டித் தோலை இறுக்குகிற மனிதரின் கேள்வி அது. நூறு பாகை தாண்டினால் இது இளகிவிடும் ஐயா, நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்றேன். அப்படி ஒரு மேளத்தை ஏன் வைத்திருக்கிறாய் என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு போல்ட்டைத் திருகி இறுக்கிக் காட்டினேன், சுருதி ஏறுவதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், அவரே திருகிப் பார்த்தார், தேத்தண்ணி ஆறிப்போனது.

அம்மாவுக்கு வேறு கணக்கு. எந்தச் சாமான் வீட்டுக்கு வந்தாலும், பிரிட்ஜோ அலுமாரியோ, அம்மா அதை ஒருமுறை சுற்றிப் பார்த்து மனதுக்குள் தூக்கிப் பார்ப்பார். பேஸ் ட்ரம் வந்த அன்றும் அப்படித்தான். "ஓட வேண்டி வந்தா இதை எப்பிடிக் காவுறது?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை. நான் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன், சின்னது பெரியதற்குள், பெரியது பேஸுக்குள். அம்மா அதையும் பார்த்துவிட்டு, "அப்ப பானை மாதிரி" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் சொன்னதில்லை.

2022 பங்குனி வந்தது, டொலர் 200 ரூபாவில் இருந்து ஏறத் தொடங்கியது, வைகாசியில் 360 ஆகிவிட்டது, என்னுடைய சேகரிப்பு அதோடு நின்றது. மச்சான் பார்த்து வைத்திருந்த சிவப்பு பச்சைப் பட்டை ஃப்ளோர் டொம் யாரிடமோ போனது. பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டு. மண்ணெண்ணெயும் இல்லை. ஒரு இரவு நான் முற்றத்தில் அப்பாவோடு இருந்தேன், திண்ணைப் பக்கம் திடீரென்று நீலமும் மஞ்சளுமாக வெளிச்சம். அம்மா சுருள் டொம்மைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டூலில் வைத்து, உள்ளே சார்ஜ் டோர்ச்சை நிமிர்த்தி விட்டிருக்கிறார். டோர்ச்சைச் சும்மா வைத்தால் ஒரு பக்கம்தான் அடிக்கிறதாம், இதற்குள் வைத்தால் சுற்றிவர வருகிறதாம். சுவரில், தூணில், அப்பாவின் சட்டையில்லாத முதுகில் எல்லாம் பட்டை பட்டையாகச் சரிந்து ஓடியது. டிவோலியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு எங்கள் திண்ணையில் ஒன்று இருந்தது. பக்கத்து வளவுப் பிள்ளைகள் வேலிப் பொட்டால் வந்துவிட்டார்கள்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து, "தம்பி, இஞ்ச வா. உன்ர கூடு வெடிச்சிருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தால் உண்மைதான். மஞ்சள் பட்டையில், கீழ்ப்போல்ட் ஓட்டையில் இருந்து ஒரு தலைமயிர் அளவு கோடு, ஒரு அங்குலம் இருக்கும், பொருத்தை நோக்கிப் போகிறது. பகல் வெளிச்சத்தில் எத்தனை தரம் துடைத்திருப்பேன், கண்ணில் படவில்லை. பேனையால் நுனியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு டோர்ச்சை அப்படியே எரிய விட்டேன், பிள்ளைகள் போகட்டும் என்று. விடிய இரண்டு மில்லிமீற்றர் பிட்டைக் கல்லில் உரசி எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன், கரண்ட் இல்லாதபடியால் கை ட்ரில்தான். அந்தக் கோடு இன்னும் அந்த ஓட்டையிலேயே நிற்கிறது.